டயர் ரப்பரின் வெடிப்பு (விரிசல்) தெர்மல் கேமராவில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி / மார்ச் 2, மாலை 6.10

320-க்கு 240 பிக்சல் தெர்மல் கேமரா, 24 டிகிரி பார்வைக் கோண லென்ஸ். கார் டயர் ஒன்றின் பக்கச்சுவரில் வெடிப்பு. கண்ணுக்கே தெரிகிறது, நகம் வைத்தால் தட்டுகிறது. அரை மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஹேலோஜன் விளக்கால் சூடேற்றியும் பார்த்தாயிற்று. டயரில் புடைத்திருக்கும் எழுத்தெல்லாம் பளிச்சென்று வருகிறது, வெடிப்பை மட்டும் காணோம். தெர்மல் கேமராவால் டயர் குறையைப் பிடிக்கலாம் என்பது விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதையா?

குறிப்பு 1 / மார்ச் 2, இரவு 9.35

கதை இல்லை. ஆனால் கேமரா வெடிப்பைப் பார்க்கிறது என்ற நினைப்புதான் தப்பு. வெப்பம் ஓடுகிற வழியில் ஏதாவது குறுக்கே நின்றால் மேற்பரப்பு வெப்பநிலையில் ஒரு மேடு பள்ளம் வரும். கேமரா பார்ப்பது அதை. குறுக்கே எதுவும் நிற்கவில்லை என்றால், வெடிப்புள்ள டயரும் அதற்குப் புது டயர்தான்.

அதற்கு முன்னால் பிக்சல் கணக்கு. 24 டிகிரியை 320 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 1.3 மில்லிரேடியன், அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் 1.3 மி.மீ. அரை மீட்டரில் 0.65 மி.மீ. ஓர் இடத்தின் வெப்பநிலையை நம்பி எடுக்க அது 3-க்கு 3 பிக்சலையாவது நிரப்ப வேண்டும், அதாவது 2 மி.மீ. உங்கள் வெடிப்பின் வாய் 0.1 மி.மீ. என்றால் ஒரு பிக்சலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்து ரப்பர் அதை விழுங்கிவிடும். லென்ஸ் ஃபோகஸ் ஆகும் கடைசித் தூரம் வரை கிட்டே போங்கள்.

ஹேலோஜன் விஷயம் நாளை.

குறிப்பு 2 / மார்ச் 3, காலை 7.15

வாய்க்காலில் ஒரு பலகையை நீர் ஓடும் திசைக்கு நேராக நட்டுப் பாருங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலக்காமல் போய்விடும். அதே பலகையைக் குறுக்கே வைத்தால் மேல்பக்கம் தேங்கும். டயரில் நடப்பது இதுவே.

விளக்கை முகத்துக்கு நேரே காட்டிப் பரவலாகச் சூடேற்றினால் வெப்பம் மேற்பரப்பிலிருந்து நேராக உள்ளே இறங்குகிறது. மேற்பரப்பு வெடிப்பும் நேராக உள்ளேதான் இறங்குகிறது. இரண்டும் ஒரே திசை. தேங்க இடமே இல்லை, அதனால் படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ரப்பருக்கும் பிளைக்கும் (உள்ளே இருக்கும் இழைப் படலம்) நடுவே காற்று புகுந்து பிரிந்திருந்தால் அந்தக் காற்றுப்படலம் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். இறங்கி வரும் வெப்பத்துக்கு அது குறுக்குப் பலகை. அங்கே மேலே சூடு தேங்கிப் பளிச்சென்று தெரியும்.

ஆக விளக்கால் முழுக்கச் சூடேற்றும் முறை பிரிவுக்கு, கொப்புளத்துக்கு, ஒட்டாத பேட்சுக்கு. வெடிப்புக்கும் வெட்டுக்கும் வெப்பத்தைப் பக்கவாட்டில் ஓடவிட வேண்டும்.

எழுத்து ஏன் தெரிந்தது என்றால், மேடாக இருக்கும் விளிம்பு விளக்கைப் பார்க்கும் கோணம் வேறு, அங்கே ரப்பர் தடிமன் வேறு. அது குறை அல்ல, வெறும் வடிவம். இந்த எழுத்து பின்னால் நிறையத் தொல்லை கொடுக்கும், அங்கே வருகிறேன்.

குறிப்பு 3 / மார்ச் 3, இரவு 10.20

பக்கவாட்டில் வெப்பம் ஓடவிடும் எளிய வழி:

டயரைத் துடைத்து, அறையிலேயே சில மணி நேரம் விட்டு, முழுக்க ஒரே வெப்பநிலைக்கு வரவிடுங்கள். சமையலறை அலுமினியத் தாளை ஓர் அட்டையில் ஒட்டி, வெடிப்புக்கு ஒரு பக்கத்தை மூடுங்கள். தாளின் விளிம்பு வெடிப்புக்கு இணையாக, 5 மி.மீ. தள்ளி இருக்கட்டும். 500 வாட் ஹேலோஜன் இரண்டை அரை மீட்டரில் வைத்து 10 விநாடி எரியவிடுங்கள். மேற்பரப்பு 8 முதல் 10 டிகிரி ஏறினால் போதும், அதற்கு மேல் வேண்டாம். விளக்கை அணைத்து, தாளை எடுத்து, 15 விநாடி பதிவு செய்யுங்கள்.

தாளின் விளிம்பில் சூடான பக்கமும் ஆறிய பக்கமும் சேரும் கோடு இருக்கும். நல்ல ரப்பரில் அந்தக் கோடு மெல்ல மங்கிப் பரவும். வெடிப்பு உள்ள இடத்தில் பரவல் தடைபட்டுக் கோடு கூராகவே நிற்கும்.

இன்னொன்று. அணைத்தால்கூட விளக்கின் கண்ணாடியும் கூடும் சூடாகத்தான் இருக்கும், அந்தச் சூடு டயரில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் வரும். அணைத்த கையோடு விளக்கைத் திருப்பி வையுங்கள், அல்லது முன்னால் ஒரு பலகையை நிறுத்துங்கள்.

குறிப்பு 4 / மார்ச் 4, காலை 6.50

நேற்று எழுதிய 5 மி.மீ. தப்பு. கணக்குப் போடாமல் எழுதியதன் பலன்.

கரிப்பொடி சேர்த்த டயர் ரப்பரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 0.25 வாட். அடர்த்தி கன மீட்டருக்கு 1150 கிலோ, தன்வெப்பம் கிலோ கெல்வினுக்கு 1800 ஜூல் என்று வைத்தால், வெப்பப் பரவல் எண் விநாடிக்கு 0.12 சதுர மி.மீ. தூரத்தை வர்க்கம் ஆக்கி இதனால் வகுத்தால் வெப்பம் போய்ச் சேரும் நேரம் தோராயமாகக் கிடைக்கும்:

1 மி.மீ.: 8 விநாடி
2 மி.மீ.: 33 விநாடி
5 மி.மீ.: மூன்றரை நிமிடம்
10 மி.மீ.: 14 நிமிடம்

5 மி.மீ. தள்ளி விளிம்பை வைத்துவிட்டு 15 விநாடி பார்த்தால் வெப்பம் வெடிப்பை எட்டியே இருக்காது, 1.3 மி.மீ. தான் நகர்ந்திருக்கும். மூன்றரை நிமிடம் காத்திருந்தால் எட்டும், ஆனால் அதற்குள் சூடு சுற்றிலும் கரைந்து ஒன்றும் மிஞ்சாது. விளிம்பை வெடிப்புக்கு 1 மி.மீ. அருகில், முடிந்தால் வெடிப்பின் மேலேயே, வையுங்கள்.

இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். எஃகில் ஓரிரு விநாடியில் முடிகிற விஷயம் ரப்பரில் நிமிடக் கணக்கு. ஃபிளாஷ் விளக்கு, ஆயிரம் படம் எடுக்கும் கேமரா எல்லாம் உலோகத்துக்குத்தான் தேவை. நிற்கிற டயருக்கு விநாடிக்கு 9 படம் எடுக்கும் மலிவுக் கேமராவே தாராளம்.

குறிப்பு 5 / மார்ச் 4, பகல் 1.05

"அப்படியானால் எந்த வெடிப்பும் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. 10 விநாடியில் வெப்பம் 1.1 மி.மீ. ஆழம் இறங்கிவிடும். வெடிப்பின் ஆழம் 0.2 மி.மீ. என்றால் வெப்பம் அதற்கு அடியில் நுழைந்து அடுத்த பக்கம் போய்விடும். தடை இருந்தது என்றே தெரியாது. ஓசோன் பட்டு மேலாக வரும் மயிரிழை வெடிப்புக்குத் தெர்மல் கேமரா சரியான கருவியே அல்ல. பக்கச்சுவரை வளைத்து, சாய்வாக டார்ச் அடித்து, கண்ணால் பாருங்கள். செலவும் மிச்சம்.

ஆழம் 1 மி.மீ. தாண்டிய வெட்டு, உள்ளே பிளை வரை போன கீறல், இவற்றைக் கண்ணால் பார்த்து ஆழம் சொல்ல முடியாது. தாள் விளிம்பு முறைக்கு அங்கேதான் வேலை.

குறிப்பு 6 / மார்ச் 5, இரவு 8.45

உமிழ்திறனை (மேற்பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்ற எண்) எவ்வளவு வைப்பது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 0.95 வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கறுப்பு ரப்பர் 0.93-க்கும் 0.95-க்கும் நடுவில்தான் இருக்கும். நமக்குத் தேவை பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம், துல்லியமான டிகிரி அல்ல.

கவலைப்பட வேண்டியது மிச்சம் இருக்கும் 5 சதவீதத்தைப் பற்றி. அது பிரதிபலிப்பு. முகம் 34 டிகிரி, அறைச் சுவர் 25 டிகிரி. வித்தியாசம் 9, அதில் 5 சதவீதம் 0.45 டிகிரி. கேமராவின் உணர்திறன் 0.05 டிகிரி. அதாவது கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவரின் முகமே ஒன்பது மடங்கு பெரிய "குறை"யாகப் படத்தில் விழும். பாலிஷ் அடித்துப் பளபளக்கும் பக்கச்சுவரில் இன்னும் மோசம்.

சோதனை சுலபம். சந்தேகப் புள்ளி தெரிந்ததும் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். புள்ளி கூடவே நகர்ந்தால் அது நீங்கள். அடுத்து டயரைக் கால் சுற்று திருப்புங்கள். புள்ளி டயரோடு சுற்றினால் அது டயருடையது. இடத்திலேயே நின்றால் கூரை விளக்கோ, ஜன்னலோ, கம்ப்ரஸரோ.

கோணமும் முக்கியம். 60 டிகிரிக்கு மேல் சாய்வாகப் பார்த்தால் உமிழ்திறன் விழத் தொடங்கும். ட்ரெட்டிலிருந்து (தரையைத் தொடும் பகுதி) பக்கச்சுவருக்குத் திரும்பும் தோள் பகுதி எப்போதும் கொஞ்சம் ஆறினாற்போல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே படத்தில் டயர் முழுவதையும் அடக்க ஆசைப்படாதீர்கள். பக்கச்சுவர் தனி, தோள் தனி, ட்ரெட் தனி.

ஈர டயரைத் தொடவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, குறைக்கு நேர்மாறாகக் காட்டும். பள்ளத்தில் தேங்கிய துளி கடைசியில்தான் காயும்.

குறிப்பு 7 / மார்ச் 5, இரவு 8.58

மேலே உள்ளதில் விட்டுப்போனது: சுண்ணாம்புக் கோடு, மஞ்சள் சிவப்புப் புள்ளி, சகதி, ரிம்மில் மாட்டும் சமன் எடை. எல்லாம் படத்தில் வரும். வேலை தொடங்கும் முன் சாதாரணப் படம் ஒன்றும் எடுத்து வையுங்கள். பாதிப் பஞ்சாயத்து அதிலேயே தீர்ந்துவிடும்.

குறிப்பு 8 / மார்ச் 7, காலை 9.30

ஓடுகிற டயர். நீங்கள் கேட்டது மேற்பரப்பு வெடிப்பு, ஆனால் உயிரை வாங்குகிற குறைகள் உள்ளே இருப்பவை. அவற்றுக்கு விளக்கு தேவையில்லை, டயரே விளக்கு.

ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை, ஒரு பங்கு வெப்பமாகிறது. நசுங்கல் எங்கே அதிகமோ, ரப்பர் எங்கே தடிப்போ, அங்கே சூடு அதிகம். அதனால்தான் எஃகு பெல்ட்டின் (ட்ரெட்டுக்கு அடியில் சுற்றி ஓடும் எஃகு இழைப் பட்டை) இரண்டு ஓரமும், அதாவது தோளுக்கு அடியில், சூடு உச்சத்தில் இருக்கும். வெட்டுப்பட்ட எஃகு இழைகளின் முனைகள் அங்கே ரப்பரோடு உரசி இழுபடுகின்றன. பெல்ட் பிரிவது தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். பிரிந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசினால் இன்னும் சூடு, சூடு ஏறினால் ரப்பரின் பிடி இன்னும் தளரும். தானே தன்னை வளர்க்கிற குறை.

அரை மணி நேரம் சுமையோடு ஓடிய டயரில் சுற்றளவு முழுக்கத் தோள் ஒரே சூடாக இருந்தால் அது வடிவமைப்பு அல்லது காற்றுக் குறைவு. சுற்றில் ஓர் இடம் மட்டும், ஒரு கை அகலத்துக்கு, பக்கத்தைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்த டயரை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. இந்த 3, 4 என்பது எந்தத் தரவிதியும் அல்ல, வேலைக்கு ஆகும் ஒரு கோடு. உங்கள் டயர் வகையில் நல்லவற்றை முதலில் அளந்து உங்கள் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பு 9 / மார்ச் 7, மாலை 5.40

"80 கி.மீ. வேகத்தில் சோதனை டிரம்மில் (டயரை அழுத்தி ஓட்டும் உருளை) சுற்றும்போதே படம் எடுத்தால் என்ன?"

எடுக்கலாம், கோடாக வரும். சாதாரணத் தெர்மல் கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் சூடாகி ஆறும் ஒரு சிறு தகடு. அதற்குச் சுமார் 10 மில்லி விநாடி வேண்டும். 80 கி.மீ. என்பது விநாடிக்கு 22 மீட்டர். 10 மில்லி விநாடியில் டயர் 22 செ.மீ. ஓடிவிடும். 3 செ.மீ. சூட்டுப் புள்ளியை 22 செ.மீ.க்கு இழுத்துத் தேய்த்தால் 4 டிகிரி வித்தியாசம் அரை டிகிரி ஆகிவிடும்.

ஸ்ட்ரோப் விளக்கு வைத்து நிறுத்திப் பார்க்கலாமே என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. ஸ்ட்ரோப் என்பது இருட்டில் விளக்கை விட்டு விட்டு அடிப்பது. இங்கே டயரே எரிகிற விளக்கு. கொஞ்சம் அணைந்து எரி என்று அதனிடம் யார் சொல்வது?

வழி இரண்டு. பணம் இருந்தால் குளிரூட்டிய உணரியுள்ள, 3 முதல் 5 மைக்ரான் அலைநீளத்தில் பார்க்கும் கேமரா. 0.2 மில்லி விநாடி போதும் அதற்கு, டயர் 4 மி.மீ. தான் நகரும். இல்லையென்றால் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, உடனே நிமிடத்துக்கு 5 சுற்று வேகத்தில் மெல்லச் சுற்றுங்கள். 2 மீட்டர் சுற்றளவுக்கு அது விநாடிக்கு 17 செ.மீ. 10 மில்லி விநாடியில் 1.7 மி.மீ. தேய்ப்பு, கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு 12 விநாடி, 9 ஹெர்ட்ஸ் கேமராவில் 108 படம்.

சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரிய 1 செ.மீ. அலுமினிய ஒட்டுநாடாத் துண்டு ஒன்றைப் பக்கச்சுவரில் ஒட்டுங்கள். அது அறையின் குளிர்ச்சியைப் பிரதிபலித்துக் கறுப்பாகத் தெரியும். அதுதான் பூஜ்யக் குறி.

குறிப்பு 10 / மார்ச் 8, காலை 6.30

22 செ.மீ. கணக்கில் நான் கேமராவுக்குச் சலுகை கொடுத்துவிட்டேன். அந்த 10 மில்லி விநாடி என்பது மாற்றத்தில் 63 சதவீதம் வந்துசேரும் நேரம். முழுசாக வர மூன்று மடங்காவது வேண்டும். உண்மையில் இழுப்பு அரை மீட்டருக்கு மேல், வால் நட்சத்திரம் மாதிரி முன்னால் அடர்ந்து பின்னால் மங்கி. மெல்லச் சுற்றும்போதும் 1.7 அல்ல, 5 மி.மீ. வரை என்று வையுங்கள். பெல்ட் பிரிவுக்கு அது ஒன்றுமில்லை. சின்ன வெட்டைத் தேடுகிறீர்கள் என்றால் சுற்றாதீர்கள். நிறுத்தி நிறுத்தித் திருப்பி எடுங்கள், 30 டிகிரிக்கு ஒன்றாக 12 படம்.

நிறுத்திய பிறகு முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. ஓடும்போது அடித்த காற்று நின்றுபோவதால் மேற்பரப்பு ஆறுவதற்குப் பதில் முதலில் சற்று ஏறக்கூட செய்யும், பயப்பட வேண்டாம். நேரம் போகப் போகப் புள்ளி அகன்று மங்கும்.

குறிப்பு 11 / மார்ச் 8, இரவு 11.10

டிக்.

கேமரா நடுவில் அப்படி ஒரு சத்தம் போட்டதும் படம் ஒரு கணம் உறைந்ததா? உள்ளே இருக்கும் சிறு மூடி விழுந்து எல்லா பிக்சலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பதிவின் நடுவில் நடந்தால் வெப்பநிலை ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்கும். அதைக் குறை என்று எண்ணி மணிக்கணக்கில் தேட நேரும். தானாக நடப்பதை அணைத்துவிட்டு, பதிவுக்கு முன்னால் கையால் ஒருமுறை செய்யுங்கள். கேமராவை அரை மணி முன்னாலேயே போட்டு வைப்பதும் இதற்காகத்தான்.

பதிவை 14 பிட் வெப்பநிலைத் தரவாகவே சேமியுங்கள். வண்ணம் பூசிய ஜேபெக் படத்தை வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் போட முடியாது. வானவில் வண்ணம் வேண்டவே வேண்டாம். பச்சை மஞ்சளாக மாறும் இடத்தில் இல்லாத எல்லை ஒன்று முளைக்கும். கறுப்பு வெள்ளை, வீச்சு நிலையாக 5 டிகிரி. தானாக வீச்சு மாறும்படி விட்டால் நல்ல டயரும் தீப்பிடித்த மாதிரி தெரியும்.

குறிப்பு 12 / மார்ச் 10, காலை 10.00

எழுத்துத் தொல்லைக்கு மருந்து.

வட்டமாக இருக்கும் பக்கச்சுவர்ப் படத்தை விரித்து நீள்சதுரமாக்குங்கள். ஆரம் மேலிருந்து கீழ், கோணம் இடமிருந்து வலம். இப்போது ஒவ்வொரு வரிசையும் டயரில் ஒரே ஆரத்தில் ஒரு முழுச் சுற்று. நல்ல டயரில் ஒரு வரிசை முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை இருக்க வேண்டும், ஏனென்றால் டயர் சுற்றுச் சமச்சீர் உடையது. ஒவ்வொரு வரிசையின் நடு மதிப்பையும் (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது) அந்த வரிசையிலிருந்து கழித்துவிடுங்கள். தோள் சூடு, பீடு (ரிம்மைப் பிடிக்கும் விளிம்பு) சூடு, பிரேக்கிலிருந்து வந்த சூடு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது சுற்றில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடும் விஷயங்கள்.

சராசரியைக் கழிக்காதீர்கள், நடு மதிப்பைக் கழியுங்கள். பெரிய சூட்டுப் புள்ளி சராசரியையே தன் பக்கம் இழுத்து, வரிசையின் மற்ற பகுதியெல்லாம் குளிர்ந்தது போலக் காட்டும்.

கழித்த பிறகும் நிற்பவை: எழுத்து, டயரை வார்க்கும் அச்சின் காற்றுத் துளையால் வந்த ரப்பர் முடிகள், பிளை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இணைப்பு. இணைப்பு ஆரத்தின் வழியே நேர்கோடாக, பீடிலிருந்து தோள் வரை ஒரே அகலத்தில் ஓடும். அங்கே பக்கச்சுவர் லேசாக உள்வாங்கியும் இருக்கலாம், அது பெரும்பாலும் தீங்கில்லை. வெளியே புடைத்திருந்தால் அது வேறு. இழை அறுந்து காற்று தள்ளுகிறது, அந்த டயர் கழிவு. அதற்குத் தெர்மல் படமே தேவையில்லை, உள்ளங்கை போதும்.

எழுத்தைக் கழிக்க, அதே மாடல் நல்ல டயர் ஒன்றின் விரித்த படத்தை எடுத்து, பூஜ்யக் குறியை எழுத்துக்கு ஏற்ப நகர்த்திப் பொருத்திக் கழிக்கலாம். ஒரு பிக்சல் தப்பிப் பொருந்தினாலும் எழுத்தின் ஓரம் இரட்டைக் கோடாக வரும், அதனால் அந்தப் பகுதிக்கு வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதே நடைமுறை.

குறிப்பு 13 / மார்ச் 12, மாலை 4.25

விளக்கை ஒரேயடியாக அடிக்காமல் ஏற்றி இறக்கும் முறை பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நல்ல முறை, பொறுமை வேண்டும். விளக்கை 100 விநாடிக்கு ஒரு சுழற்சியாக மெல்ல ஏற்றி இறக்கினால் வெப்ப அலை ரப்பரில் 2 மி.மீ. அளவுக்கு இறங்கும். 1000 விநாடிச் சுழற்சிக்கு 6 மி.மீ. குறைந்தது மூன்று சுழற்சியாவது பதிவு செய்து, ஒவ்வொரு பிக்சலும் விளக்குக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிட்டால் அந்தப் பின்தங்கலைக் காட்டும் கட்டப் படம் (ஃபேஸ் இமேஜ்) கிடைக்கும். விளக்கு ஒரு பக்கம் பிரகாசமாகவும் ஒரு பக்கம் மங்கலாகவும் பட்டாலும், சுண்ணாம்பு இருந்தாலும், கட்டப் படம் பெரிதாக ஏமாறாது. அதுதான் அதன் அழகு. ஒரு டயருக்கு 5 நிமிடத்திலிருந்து 50 நிமிடம் என்பதுதான் அதன் விலை.

இதிலும் தெர்மல் முறைகளின் பொது விதி மாறாது. குறையின் அகலம் அதன் ஆழத்தைவிடக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். 6 மி.மீ. ஆழத்தில் 3 மி.மீ. காற்றுக்குமிழி எந்தத் தெர்மல் முறைக்கும் அகப்படாது.

குறிப்பு 14 / மார்ச் 15, காலை 8.10

செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

40 டயரை டயருக்கு 200 படம் எடுத்தால் 8000 படம். ஆனால் மாதிரி 40 தான். அந்த 8000-ஐக் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால் ஒரே டயர் இரண்டு பக்கமும் இருக்கும். நியூரல் நெட்வொர்க் குறையைக் கற்காது, அந்த டயரின் முகத்தைக் கற்றுக்கொள்ளும். மதிப்பெண் பிரமாதமாக வரும், புது டயர் வந்தால் முழிக்கும். பிரிப்பது டயர் வாரியாக இருக்க வேண்டும், படம் வாரியாக அல்ல.

அடுத்த பொறி துல்லியச் சதவீதம். 1000 டயரில் 5 குறை என்று வையுங்கள். "எல்லாம் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கும் 99.5 சதவீதம் கிடைக்கும். கேட்க வேண்டியது இரண்டே: அந்த 5-ல் எத்தனையைப் பிடித்தது, நல்லதில் எத்தனையை வீணாக ஒதுக்கியது.

மூன்றாவது, சுண்ணாம்பு. குறையுள்ள டயரில் சோதிப்பவர் வட்டம் போட்டுவிட்டு அதன் பிறகு படம் எடுத்திருந்தால், நெட்வொர்க் வட்டத்தைத்தான் கற்கும். சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கக்கூடியது. எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தது என்று காட்டும் வரைபடத்தைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள்.

குறை என்று பெயரிட்டதை யார் உறுதி செய்தது என்பதும் இருக்கிறது. டயரை வெட்டிப் பார்க்க வேண்டும், அல்லது ஷியரோகிராஃபியில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் டயரை வெற்றிட அறையில் வைத்து காற்றை உறிஞ்சினால் பிரிந்த இடம் லேசாக உப்பும், லேசர் அந்த உப்பலைப் பிடிக்கும். ரீட்ரெட் ஆலைகளிலும் விமான டயர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். இழை அறுந்ததற்கு எக்ஸ்ரே. ஒரு தெர்மல் படத்துக்கு இன்னொரு தெர்மல் படம் சாட்சி சொல்லக் கூடாது.

குறிப்பு 15 / மார்ச் 18, இரவு 9.15

பாதை விலகல், ஆனால் பயனுள்ளது. வண்டியில் மாட்டியபடியே பார்ப்பவர்களுக்கு.

சூடு பீடிலிருந்து வெளியே பரவி, ரிம் டயரைவிடச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, டயரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு தோளும் சுற்று முழுக்கச் சூடு, நடு ட்ரெட் ஆறியது: காற்றுக் குறைவு. நடு மட்டும் சூடு: காற்று அதிகம். ஒரு தோள் மட்டும்: அலைன்மென்ட். ஒரு பக்கத்து டயர்கள் எல்லாமே சூடு: வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரட்டை டயரில் உள்ளே இருப்பது கேமராவுக்குத் தெரியவே தெரியாது.

சூடான டயரில் காற்று அளந்துவிட்டு அதிகம் என்று இறக்கிவிடுகிறார்கள், அது விபரீதம். 25 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்தது 55 டிகிரிக்கு ஏறினால் 38 காட்டும். அது கணக்குப்படி வருவது. இறக்கினால் ஆறிய பிறகு குறைவாகி, அதனால் இன்னும் நசுங்கி, இன்னும் சூடாகும். ஆறிய டயரில் அளப்பது மட்டுமே அளவு.

குறிப்பு 16 / மார்ச் 19, காலை 7.40

பெல்ட் பிரிவைப் பற்றி எழுதியதும் 2000-ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் விவகாரத்தை ஒருவர் கிளப்பிவிட்டார். அந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள், காரணம் ட்ரெட் பிரிந்து உரிந்தது. அதே ஆண்டு அங்கே TREAD என்ற பெயரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன் தொடர்ச்சியாகக் கார் டயர் தரவிதி 139 (FMVSS 139) வந்தது. அதில் உள்ள தாங்குதிறன் சோதனை மணிக்கு 120 கி.மீ., மொத்தம் 34 மணி நேரம். அது முடிந்த பிறகு அதே டயரில் காற்றை 140 கிலோபாஸ்கலுக்குக் குறைத்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவார்கள்.

இங்கே நமக்கு வேண்டிய விஷயம், அந்தச் சோதனை டிரம்மின் விட்டம் 1.7 மீட்டர். வளைந்த டிரம்மில் டயர் சமதரையைவிட அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும். டிரம்மில் எடுத்த டிகிரியைச் சாலையில் எடுத்த டிகிரியோடு ஒப்பிடாதீர்கள். டிரம்முக்கு டிரம், சாலைக்குச் சாலை.

கேட்டவரின் பதில் / மார்ச் 23, இரவு 7.50

தாள் விளிம்பை வெடிப்பின் மேலேயே வைத்துச் செய்தேன். 20 செ.மீ. தூரம். ஐந்து வெடிப்பில் இரண்டு கூரான கோடாக நின்றது, மூன்று மற்ற ரப்பர் போலவே மங்கிவிட்டது. மூன்றுக்கும் முறை தோற்றதா?

குறிப்பு 17 / மார்ச் 23, இரவு 10.30

தோற்கவில்லை, அந்த மூன்றும் ஆழமில்லாதவையாக இருக்கலாம். இன்னொரு வாய்ப்பு: வெடிப்பின் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு வெப்பத்தைக் கடத்திவிடுகின்றன. காற்றில்லாத டயரில் அப்படி நடக்கும். ரிம்மில் மாட்டி, குறித்த அளவு காற்று அடித்து, அந்த மூன்றை மட்டும் திரும்பச் செய்யுங்கள். காற்று பக்கச்சுவரை இழுத்து உதடுகளைப் பிரிக்கும்.

கூராக நின்ற இரண்டையும் மழுங்கிய கம்பியால் விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இழை தெரிந்தால் அந்த டயரில் காற்று அடிக்கவே வேண்டாம், மற்ற மூன்றைச் சோதிக்கவும் தேவை இருக்காது.

குறிப்பு 18 / மார்ச் 23, இரவு 10.34

மேலே உள்ளதில் வரிசை தலைகீழ். முதலில் கம்பி, அப்புறம்தான் காற்று.